அம்மாவுக்கு ஒரு பல்செட்

ஊரில் சிரிக்கிற வயசாளிகளில் பாதிப் பேர் தன் தயவில்தான் சிரிக்கிறார்கள் என்பது மெக்கானிக்கின் எண்ணம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவன் அவன். அங்கே எல்லாரும் அவனை மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, டாக்டரின் வண்டிக்கு ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று வாசலை எட்டிப் பார்ப்பதும் உண்டு.

முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்துக் கொடுப்பார். இவன் அதில் பிளாஸ்டர் ஊற்றி, பல்லில்லாத தாடையை அப்படியே வார்த்தெடுப்பான். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கீல் வைத்த ஓர் இரும்புக் கருவியில் மாட்டி, வாய் மாதிரி திறந்து மூடிப் பார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவான். மெழுகில் நின்ற பல்லை டாக்டரம்மா நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மெழுகை உருக்கிவிட்டு அக்ரிலிக்கில் வார்ப்பது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் எந்தப் பல்செட்டும் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போனதில்லை, அவனுடைய சொந்த அம்மாவின் பல்செட்டைத் தவிர.

அம்மாவுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, எது தாமதம், யாருடைய பை டீக்கடையில் அநாதையாகக் கிடக்கிறது என்று ஊருக்கே சொன்ன குரல். மைக் கிடைத்ததால்தான் பேசினாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மைக் இல்லாமலே அவள் குரல் மூன்றாவது மாடியிலிருந்து வாசல் கேட் வரைக்கும் போகும். காய் நறுக்கும்போது பேசுவாள், துணி மடிக்கும்போது பேசுவாள், பல் துலக்கிக்கொண்டே பேசி நுரையைச் சுவரில் தெளிப்பாள். அவள் பேச்சை நிறுத்தினால் வீட்டில் கரண்ட் போய்விட்டதோ என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மெக்கானிக் கஞ்சா புகைக்கத் தொடங்கியது வேலை பழகிய காலத்தில். நாளெல்லாம் மெழுகின் மேல் குனிந்தே இருப்பதால் கழுத்து இரும்பாகிவிடும். கூட வேலை செய்தவன் ஒரு சுருளை நீட்டி, "இழுத்துப் பாரு, கழுத்து பஞ்சாயிடும்" என்றான். ஆனது. அப்போதெல்லாம் லீவு நாளில் மட்டும். பிறகு சாயங்காலம் தோறும். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால். கடைசியில் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் கால் செருப்பைத் தேடும் என்று ஆகிவிட்டது. கழுத்து வலியைப் பற்றி அவனே மறந்து போய் வெகு காலம் ஆகியிருந்தது. பல் வரிசைகள் வைத்து வருகிற சின்னத் தகரப் பெட்டி ஒன்றில் சரக்கை வைத்திருந்தான். "கொஞ்சம் காத்தாடிட்டு வரேன்" என்பான். அவ்வளவு காற்று வாங்கிய மனிதன் உலகத்திலேயே இருக்கமாட்டான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவன் மனைவிக்கு இது தெரியாமல் இல்லை. காயப்போட்ட துணியெல்லாம் அந்த வாசனையோடுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

"நான் என்ன குடிச்சுட்டு ரோட்டுல விழுந்து கிடக்கிறேனா? யார்கிட்டயாவது வம்புக்குப் போறேனா? வேலையில ஒரு குறை உண்டா? செடிதானே அது!"

"நீங்க சண்டை போட்டாலாவது வீட்டுல ஒரு ஆள் இருக்கிறது தெரியும்" என்பாள் அவள். அவன் அதற்கும் சிரிப்பான்.

வேலையில் குறை இல்லை என்பது உண்மைதான். வெகு நாள் பழகிய கை, போதையிலும் வழி தெரிந்து நடந்தது. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, அம்மாவின் கடைசிப் பல்லைப் பிடுங்குகிற வரைக்கும்.

ஈறு ஆறியதும் டாக்டரம்மாதான் அச்செடுத்தார். அம்மாவின் மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி வைத்து, நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து, கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கிற இடம், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். "மெழுகுல பல்லு நிறுத்தினதும் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க மெக்கானிக், வச்சுப் பாத்துடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு லீவு விட்ட ஒருநாள் மெக்கானிக் தனியாகப் பின்னறையில் உட்கார்ந்தான். அம்மாவுக்குச் செய்கிற பல், சாதாரணமாகச் செய்துவிட முடியுமா? பக்தியோடு ஒரு சுருள் புகைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். அம்மாவின் பழைய படம் ஒன்றை எதிரே சாய்த்து வைத்திருந்தான். மைக்குக்கு முன்னால் உப்பிய கன்னத்தோடு சிரிக்கிற அம்மா. பார்க்கப் பார்க்க அவனுக்கு நெஞ்சு விம்மியது. இந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியுமே என்று தோன்றியது. கடியைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். பல் நீளும், கன்னம் நிரம்பும், வாயோரத்துச் சுருக்கம் மறையும். டாக்டரம்மா குறித்த அளவு அந்த நேரத்தில் அவனுக்கு வெறும் கஞ்சத்தனமாகப் பட்டது. கருவியின் திருகைத் தளர்த்தி உயர்த்தினான். இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். நம் அம்மாதானே, சோதனை எதற்கு என்று அன்றைக்கே அக்ரிலிக்கில் வார்த்து, பளபளவென்று தேய்த்து, வீட்டுக்குக் கொண்டு போனான்.

அம்மா போட்டுக்கொண்டாள். மருமகள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நிஜமாகவே படத்தில் இருந்த முகம் வந்திருந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். அம்மா கண்ணாடியை விட்டு நகரவில்லை. பிறகு மகனின் முகவாயைப் பிடித்து அப்படியே நின்றாள். மெக்கானிக் அழுதுவிட்டான். தன் வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த வேலை என்று அவன் நினைத்தான். அன்று சாயங்காலம் அதைக் கொண்டாட மாடிக்கும் போனான்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. ரேடியோ பாடவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை, தலையசைப்பு. சாப்பிடும்போது எல்லாரோடும் உட்காராமல், "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கலே" என்று எழுந்து போய்விடுவாள். மெக்கானிக் மாடியிலிருந்து கண் சிவக்க இறங்கி வந்து, அந்த அமைதியில் சுகமாகச் சாய்ந்துகொள்வான்.

"வயசாச்சுன்னா எல்லாரும் ஒரு நிதானத்துக்கு வந்துடுறாங்க, இல்ல?" என்று மனைவியிடம் ஒருநாள் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஏன் போனாள் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

தகரப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன ஒருநாள்தான் விஷயம் வெளியே வந்தது. மத்தியானம் வரை எப்படியோ ஓட்டினான். அதற்கு மேல் கைவிரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். படியேறும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மாவின் குரல். தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சென்றால் மடை திறந்த பேச்சு. கொஞ்சம் குழறல், ஆனால் அந்த ஏற்ற இறக்கம், இடையில் தானே சிரித்துக்கொள்வது எல்லாம் அப்படியே இருந்தது. மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் நாலு படி ஏறியபோதுதான், இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டான்.

கதவு திறந்திருந்தது. மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குள் அவன் செய்த பல்செட். அம்மா அவனைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் போனை வைத்தாள். சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, டம்ளரிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"என்னடா, இந்த நேரத்துல? சாப்பிட வந்தியா?"

ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் டக் டக்கென்று இடித்துக்கொண்டன. தெருவில் போகிறவனுக்குக் கேட்டிருக்கும். மெக்கானிக்குக்குக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அதைக் கழட்டிட்டு வாயைத் திறம்மா."

"எதுக்கு? ஒண்ணுமில்ல, விடு."

"திறம்மா."

ஜன்னல் பக்கம் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தான். கீழ் ஈறு நெடுகச் சிவந்து தடித்துக் கிடந்தது. கடைவாய்ப் பக்கம் வெள்ளையாக ஒரு புண், ஆறி ஆறிப் பிய்ந்த புண். எத்தனையோ வாய்களைப் பார்த்தவன், அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாயை மூடிச் சும்மா இருக்கும்போது மேல்பல் கீழ்ப்பல்லைத் தொடக்கூடாது. நடுவில் அரிசி மணியின் கனத்துக்காவது ஓர் இடைவெளி வேண்டும். தாடை ஓய்வெடுப்பது அந்த இடைவெளியில்தான். தொழிலில் முதல் பாடமே அது. அம்மாவின் முகத்தை நிரப்புகிறேன் என்று அந்த இடைவெளியை அவன் தின்று தீர்த்திருந்தான். அவள் தாடைக்கு நாளெல்லாம் ஒரு நொடி ஓய்வில்லை. பேச வாயெடுத்தால் இடி, மெல்லப் போனால் குத்து.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"போட்ட நாள்லேருந்துதான்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலே?"

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சொன்னேனேடா."

"எப்போ?"

"ஒருநாள் மாடியிலேருந்து இறங்கி வந்து சாப்பிட்டுட்டு இருந்தே. கீழ்ப்பல்லு குத்துதுடா, ரெண்டும் எப்பப் பாத்தாலும் இடிச்சுக்குதுன்னு சொன்னேன். நீ சிரிச்சே. பழகிடும்மா, ராணி மாதிரி இருக்கேன்னே. அப்புறமும் ஒருநாள் சொன்னேன். அன்னைக்கும் சிரிச்சே. உன் பொண்டாட்டியும் சொன்னா. சரி, ஆசையா செஞ்சு கொடுத்த பிள்ளை, எதுக்கு நச்சரிக்கணும்னு விட்டுட்டேன்."

அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. தலையை உடைத்துக்கொண்டு யோசித்தும், அம்மா வலிக்கிறது என்று சொன்ன ஒரு சாயங்காலம்கூட அவன் நினைவில் இல்லை. மறந்துபோனால்கூடப் பரவாயில்லை. சிரித்திருக்கிறான்.

இந்த இடத்தில் அவன் தகரப் பெட்டியை ஜன்னல் வழியாக வீசியெறிந்தான் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். அவன் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். சுருட்டிப் பற்றவைத்தான். பாதி புகைந்த பிறகுதான், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு, தான் என்ன செய்கிறோம் என்று பார்த்தான். அம்மாவின் புண்ணை மறக்க, அந்தப் புண்ணுக்குக் காரணமானதையே இழுத்துக்கொண்டிருந்தான். அது மனசுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் கை சுருளைக் கீழே போடவில்லை, கடைசிவரை இழுத்துத்தான் அணைத்தது. அப்போதுதான் அவன் பயந்தான். இது பழக்கம் இல்லை, நான் இதனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று முதன்முதலாகத் தனக்குத்தானே சொன்னான்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும் மெக்கானிக். உங்க ரூம்ல மெழுகு வாசனையோட அந்த வாசனையும் வரும். வேலை சரியா இருந்துச்சு, அதனால கேக்கலே. கேட்டிருக்கணும். தப்பு என்மேலயும் இருக்கு."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"பல்லு நிறுத்துற வேலை இனிமே கொஞ்ச நாள் வேண்டாம். பிளாஸ்டர் ஊத்துங்க, பாலிஷ் போடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, நான் பேசறேன், போய்ப் பாருங்க. அம்மாவுக்கு வெளியில கொடுத்துப் புதுசா செஞ்சுடலாம்."

கஞ்சாவுக்கெல்லாமா ஆஸ்பத்திரி என்று கேட்க வந்ததை மென்று முழுங்கினான். ஆனால் அம்மாவிடம் போய்ச் சொன்னபோதுதான் புதுச் சிக்கல் வந்தது. பழைய பல்செட்டைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, ரேடியோ பல்லில்லாத வாயால் அறிவித்தாள்.

"என் வாயில இன்னொருத்தன் கை வைக்கக்கூடாது. என் பிள்ளை செய்வான். அவனுக்கு எப்போ தெளியுதோ அப்போ செய்யட்டும், அதுவரைக்கும் நான் இப்படியே இருந்துக்கிறேன்."

"அத்தை, அது நடக்க எத்தனை மாசம் ஆகுமோ!" என்றாள் மருமகள்.

"ஆகட்டுமே. நான் எங்க போகப் போறேன்?"

அம்மா பிடித்தால் பிடித்ததுதான். டாக்டரம்மா போனில் கெஞ்சியும் மசியவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உருளைக்கிழங்கு, காய், பழம், ரொட்டி எல்லாமே மிக்ஸிக்குள் போய்க் கூழாகித்தான் வந்தன. "நீங்க புகையை விடறதுக்குள்ள இந்த மிக்ஸி உயிரை விட்டுடும்" என்று சமையலறையிலிருந்து சத்தம் வரும்.

விடுவது என்பது அவன் நினைத்த மாதிரி இல்லை. செடிதானே என்று எத்தனை வருஷம் சொன்னானோ, அந்தச் செடிக்கு எத்தனை ஆழத்தில் வேர் இருந்தது என்று தோண்டும்போதுதான் தெரிந்தது. தூக்கம் போயிற்று. விடிகாலையில் கொஞ்சம் கண் அயர்ந்தால் கனவுகள், பல்லெல்லாம் மெழுகாய் உருகி ஓடுகிற கனவுகள். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியது. டப்பா மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக மனைவியிடம் தெருவுக்கே கேட்கிறபடி கத்தினான். கத்திவிட்டு வெட்கத்தில் குறுகிப் போனான். அவள் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "பரவாயில்ல, ஆள் இருக்கிறது தெரியுது" என்றாள்.

சாப்பாடு இறங்கவில்லை. மகனுக்குப் பசியில்லை, அம்மாவுக்குப் பல் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கூழைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருப்பார்கள். "ஒரு வாய் நீ, ஒரு வாய் நான்" என்பாள் அம்மா. அவன் சின்னவனாக இருந்தபோது ஊட்டிய அதே கணக்கு. அப்படித்தான் அவன் உடம்பில் அந்த நாட்களில் ஏதோ கொஞ்சம் சோறு தண்ணீர் ஒட்டியது.

பெரிய ஆஸ்பத்திரியின் பிரிவில் இருந்த ஆலோசகர் கேட்டார்: "எந்த நேரத்துல ரொம்பத் தோணும்?"

"எந்த நேரத்துல தோணாதுன்னு கேளுங்க" என்றான். பிறகு யோசித்து, "சாயங்காலம். மாடிக்குப் போற நேரம்" என்றான்.

"அந்த நேரத்துல தனியா இருக்காதீங்க. யாராவது கூட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்ன அடுத்த நிமிஷம் ரேடியோ செருப்பைத் தேடியது. அன்று முதல் சாயங்காலம் ஆனால் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள், அவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். துணிக்கொடிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே தெருவைப் பார்த்து ஒலிபரப்பைத் தொடங்குவாள். "பயணிகளின் கவனத்திற்கு! மஞ்சச் சட்டை ஒண்ணு தலைதெறிக்க ஓடுது, வண்டியைத் தவற விட்டுட்டான்!" பல்லில்லாத வாயில் பாதி எழுத்துக்குக் காற்றுதான் வந்தது, ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் "என்ன? என்ன சொன்னே?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவளும் சலிக்காமல் திரும்பச் சொன்னாள். கேட்டால்தான் புரியும் என்பதால் அவன் உன்னிப்பாகக் கேட்டான். இத்தனை வருஷத்தில் அம்மாவின் பேச்சைத் தான் ஒருநாளும் இப்படிக் கேட்டதே இல்லை என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

அப்படி ஒருநாள் பஸ் நிலையத்துக் கதை ஒன்று வந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவின் அறையிலிருந்து நழுவிக் கூட்டத்தில் காணாமல் போனானாம்.

"எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே. ஆனா மைக்குல அழக்கூடாது பாரு. நீலக் கால்சட்டை, கையில பாதி கடிச்ச பிஸ்கட், பாத்தவங்க அறிவிப்பாளர் அறைக்குக் கூட்டிட்டு வரவும்னு, ஊரான் பிள்ளைக்குச் சொல்ற மாதிரியே சொன்னேன். குரல் துளி நடுங்கலே. சொல்லிட்டு மைக்கை அணைச்சேன். அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன் பாரு..."

"நான் எங்க இருந்தேன்?"

"டீக்கடை பெஞ்சுக்கு அடியில. என் குரல் கேட்டுக்கிட்டே இருந்ததாம், அதனால அழவே இல்லையாம் நீ."

மெக்கானிக் எழுந்து போய்த் தொட்டி ஓரமாக நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். அன்றைக்கும் புகைக்கத் தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும், அழகான கதை கேட்டால் ஆசை ஓடிவிடுவதில்லை.

இடையில் ஒருமுறை விழுந்தான். கொஞ்ச நாள் தெளிவாக இருந்ததும், கை தேறிவிட்டது என்று நம்பி, யாருக்கும் சொல்லாமல் அம்மாவின் அச்சை எடுத்து வைத்துப் பல் நிறுத்திப் பார்த்தான். விரல் நடுங்கியது. ஒரு பல் இப்படிப் போனால் அடுத்த பல் அப்படிப் போயிற்று. அம்மா எத்தனை நாளாகக் கூழ் குடிக்கிறாள் என்ற நினைப்பு வேறு விடவில்லை. நடுக்கம் நிற்க ஒரே ஒரு இழுப்பு, அதுவும் அம்மாவுக்காகத்தானே என்று மனசு வக்கீலாக வாதாடியது. முன்பு சரக்கு விற்ற ஆளிடம் போய் வாங்கி வந்தான். விரல் நின்றது. பல் வரிசை முத்துக் கோத்தது போல் அமைந்தது. ஆஹா என்றிருந்தது. மறுநாள் காலையில் தெளிந்த கண்ணோடு அளவுகோலை வைத்துப் பார்த்தான். மறுபடியும் கடி உயரம். அச்சு அசல் பழைய தப்பு. கை நன்றாகத்தான் வேலை செய்திருந்தது, பார்த்த கண்தான் பொய் சொல்லியிருந்தது. விளக்கைப் பற்றவைத்து மெழுகை உருக்கி, பல்லையெல்லாம் பொறுக்கி மறுபடி பெட்டியில் போட்டான்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்ததுமே மூக்கை உறிஞ்சினாள்.

"நேத்து போட்டுட்டியா?"

"ஆமாம்மா. உனக்குத்தான் கஷ்டம். வெளியில செஞ்சுக்கோயேன்."

"எனக்கென்ன அவசரம்? எதைக் கடிக்கப் போறேன் இப்போ?" என்றாள் அவள். பிறகு அவன் முதுகைத் தடவினாள். "தாமதம்னா தாமதம். வண்டி ரத்துன்னு நான் இன்னும் சொல்லலேல்ல?"

அதற்கப்புறம் அவன் போகவில்லை. ஆசை வரும், வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். தூக்கம் மெல்லத் திரும்பியது. ஒருநாள் காலையில் எழுந்தபோது பசித்தது. பின்னறையில் பிளாஸ்டர் ஊற்றும்போது விரல்கள் தன் பாட்டுக்கு நிதானமாக இருந்ததை டாக்டரம்மாவே முதலில் கவனித்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் மறுபடி முதலிலிருந்து. புது அச்சு. மூக்கில் புள்ளி, தாடையில் புள்ளி.

"தாடையை இறுக்காம, சாதாரணமா அம்மான்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. உதடு வந்து ஒட்டும்போது தாடை எங்கே இளைப்பாறுகிறது என்று பார்க்கத்தான் அது.

"எங்கம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்பக் கூப்பிட்டா வந்து தொலைச்சுடுவா" என்றாள் ரேடியோ. சொல்லிவிட்டு, "அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். மெக்கானிக் குனிந்து அளந்தான். டாக்டரம்மா ஒருமுறை அளந்தார். அவன் மறுபடி அளந்தான்.

மெழுகில் பல் நின்ற நாளில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி பார்த்தாள். கன்னம் உப்பவில்லை. வாயோரத்துச் சுருக்கங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மெக்கானிக்குக்கு உள்ளே ஒரு பழைய ஆசை எட்டிப் பார்த்தது, திருகு பக்கத்திலேயேதான் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கிழவிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள் அம்மா. "ஆனா தெரிஞ்ச கிழவி."

பல்செட் முடிந்து வந்த அன்று சாயங்காலம் மாடியில் மனைவியும் இருந்தாள், மிக்ஸிக்கு விடுமுறை விட்ட சந்தோஷத்தில். ஓர் ஆப்பிளை மெல்லிசாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தாள். அம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மெதுவாக மென்று விழுங்கினாள். அடுத்த துண்டு. பிறகு தெருவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், எழுத்தெல்லாம் தெளிவாக, டக் என்ற சத்தம் ஒன்றுகூட இல்லாமல். மெக்கானிக் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

பேச்சின் நடுவில் அம்மா நிறுத்தினாள். நாக்கை உள்ளே ஒரு பக்கம் சுழற்றினாள். மகனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டின் பக்கம் திரும்பினாள்.

அவன் அதைக் கண்டுவிட்டான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லும்மா."

அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"இங்க," என்று இடது கன்னத்தில் விரலை வைத்தாள் அம்மா. "உள்பக்கம் கொஞ்சம் உறுத்துதுடா."

புதுப் பல்செட் என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் உறுத்தத்தான் செய்யும், ராவித் தேய்த்தால் சரியாகிவிடும். அது தினமும் பார்க்கிற விஷயம். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான்.

"எங்கம்மா? நல்லா காட்டு. இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், அங்கதான். அப்புறம் இந்த முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் பெருசா இருக்கோ? அப்புறம் நீ நேத்து குளிச்சுட்டு ஈரத் துண்டைக் கட்டில்லயே போட்டுட்டுப் போயிட்டே. அப்புறம் இந்த நாற்காலி ஒரு கால் ஆடுது, எத்தனை நாளா சொல்லணும்னு இருக்கேன்..."

"சொல்லு, சொல்லு" என்றான் மெக்கானிக். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.